மிஸ்டர் டக்கெட்டின் பச்சைக் குளம்

வரிங்கா ஊரில் கார் ஓட்டுகிற யாரையாவது நிறுத்தி, ரஸ்ஸல் டக்கெட்டைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரு பெருமூச்சு வரும். பிறகு எத்தனையாவது தடவையில் பாஸானார் என்கிற கணக்கு வரும். கறிக்கடைக்காரர் மூன்றாவது தடவை. தேவாலயத்துப் பாதிரியார் இரண்டாவது தடவை. பல் டாக்டரும் மூன்றாவது தடவைதான். அவரிடம் பல்லைக் காட்டப் போகும்போதெல்லாம் ரஸ்ஸல் நாற்காலியின் கைப்பிடியைக் கொஞ்சம் இறுக்கமாகவே பிடித்துக்கொள்வார்.

முப்பத்தொரு வருடம் அந்த ஊரில் லைசென்ஸ் கொடுக்கிற தேர்வாளராக இருந்தவர் அவர். பிரதம மந்திரியையே பேர் சொல்லிக் கூப்பிடுகிற நாட்டில், தேர்வு நடக்கும் காரில் மட்டும் தன்னை 'மிஸ்டர் டக்கெட்' என்றுதான் அழைக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார். சத்தம் போட மாட்டார், முகம் சுளிக்க மாட்டார். டயர் நடைபாதை ஓரத்துக்கு ஒரு முத்தம் கொடுத்திருந்தால் போதும், சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, "ஏழு நாள் கழிச்சு வாங்க" என்பார். அந்த நாலு வார்த்தைக்குப் பயந்து பேருந்திலேயே காலத்தை ஓட்டிய குடும்பங்கள் உண்டு.

கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருப்பார்கள். மனுஷர் எப்போதும் சரியாகவே இருந்தார் என்பதுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை. சொந்த வீட்டிலும் அப்படித்தான் சரியாக இருந்து தொலைத்தார்.

அவருக்கு ஒரே மகள், கெரின். கார் பழகும் பிள்ளைகள் நூற்று இருபது மணி நேரம் பெரியவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டி, அதை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்ததை ஒரு மணி நேரம் என்று எழுதாத அப்பன் அந்த நாட்டிலேயே கிடையாது. ஒரே ஒருவர் இருந்தார். கெரினுடைய நோட்டை உட்கார்ந்து கூட்டிப் பார்த்து, ஐஸ்கிரீம் சாப்பிட நிறுத்தியது, தோழியோடு கதை பேச நிறுத்தியது என்று பதினோரு மணி இருபது நிமிடத்தைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டார். அந்தப் பதினோரு மணி இருபது நிமிடத்தை மறுபடி ஓட்டி முடிப்பதற்குள் தேர்வு நாள் போய்விட்டது. கல்லூரிக்கு முதல் வருடம் முழுக்கப் பேருந்தில் போனாள். அப்புறம் வேலை, கல்யாணம் என்று நாட்டின் அந்தக் கோடியில் இருக்கிற பெர்த்துக்குப் போய்விட்டாள். சண்டை என்று ஒன்றும் இல்லை. ஆனால் நாலு வருடமாக அப்பன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பேத்தி பிப்பாவை ரஸ்ஸல் ஒரு வயதில் பார்த்தது. இப்போது அவளுக்கு ஐந்து.

இந்த வருடம் ரஸ்ஸல் ஓய்வு பெற்றார். நவம்பரில் மனைவி நோலீனோடு, காருக்குப் பின்னால் வண்டிவீட்டைக் கட்டிக்கொண்டு, மூன்று வாரம் கடலோரமாகச் சுற்றப் போனார். புறப்படும் முன் வீட்டைப் பூட்டுவதற்கு இருபத்திரண்டு வரிகளில் ஒரு பட்டியல் எழுதி, ஒவ்வொன்றாக டிக் போட்டார். பதினான்காவது வரி: 'எல்லா மின் சுவிட்சுகளையும் அணைக்கவும்.' அணைத்தார். நீச்சல் குளத்துத் தண்ணீரை வடிகட்டுகிற பம்பின் சுவிட்சும் ஒரு சுவிட்சுதானே. அதையும் அணைத்து டிக் போட்டார்.

அங்கே நவம்பர், டிசம்பர்தான் கோடைக்காலம். மூன்று வாரம் நல்ல வெயில். நடுவில் ஒரு புழுதிப் புயல், அதன் மேல் ஒரு மழை. டிசம்பர் பதினொன்றாம் தேதி திரும்பி வந்து பின்வாசலைத் திறந்தால், கொல்லையில் குளம் இருந்த இடத்தில் கீரை கடைந்த பானை மாதிரி ஒன்று கிடந்தது. படியில் ஒரு தவளை, வீட்டுக்காரன் தோரணையில் உட்கார்ந்திருந்தது.

நோலீன் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பட்டியல்ல தவளைக்கு ஒரு டிக் போட்டியா, ரஸ்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை கெரின் போன் செய்தாள். கணவன் டேன் வடக்கே சுரங்கத்தில் வேலை. ஜனவரி நாலாம் தேதிதான் அவனுக்கு விடுப்பு. அதுவரை பிப்பாவோடு கிழக்கே வரலாம் என்று இருக்கிறாள்.

"இருபத்தொண்ணாம் தேதி அங்க வந்துடுவோம்ப்பா. ரெண்டு ராத்திரி இருந்துட்டு கோல்ட் கோஸ்ட் போறோம். கிறிஸ்துமஸ் டேனோட அப்பா அம்மா வீட்ல."

"ரெண்டு ராத்திரிதானா?"

"பிப்பா இப்பதான் நீச்சல் பழகியிருக்கா. நாள் பூரா தண்ணியிலதான் கிடக்கணும்ங்குறா. அவங்க வீட்டுக் குளத்துல சறுக்குமரமெல்லாம் இருக்கு. உங்க குளம் நல்லா இருந்தா, பேசாம கிறிஸ்துமஸுக்கு அங்கயே இருந்துடுவோம். எப்படி இருக்கு?"

ரஸ்ஸல் சன்னல் வழியாகப் பார்த்தார். தவளை ஒன்று இரண்டாகியிருந்தது.

"அடியில ஊசி கிடந்தாலும் தெரியும்" என்றார்.

அறுபத்தாறு வயதில் அந்த மனுஷர் சொன்ன முதல் பொய் அது. கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான் என்பார்கள். ரஸ்ஸலுக்கோ பொய்யில் கன்னி முயற்சி, ஒன்பது நாள் தாக்குப்பிடிக்க வேண்டும்.

கொல்லையில் ஒருவன் சங்கடப்படுகிறான் என்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிடும். பின்வேலிக்கு மேல் டாரிலின் தலை முளைத்தது. அடுத்த தெருவில் எட்டாம் நம்பர் வீட்டுக்காரன், லாரி ஓட்டுகிறவன், லைசென்ஸ் தேர்வில் நாலாவது தடவை.

"என்னய்யா ரஸ், முதலை வளர்க்கப் போறியா?"

"கொஞ்சம் பாசி புடிச்சிருக்கு."

"கொஞ்சமா! பசு மாடு ரெண்டு நீந்திக்கிட்டே மேயலாம். உன் பொண்டாட்டி காலுறை ஒண்ணு எடுத்துக்க. நைலான் காலுறை. தண்ணி உள்ள இழுக்குற கூடை இருக்குல்ல, அதுக்கு மாட்டிவிடு. அம்புட்டுப் பாசியும் அதுல வந்து விழுந்துடும். கூடவே நாலு டப்பா துணி வெளுக்குற மருந்த ஊத்து. காலையில பளிச்சுனு ஆயிடும்."

நைலான் காலுறை வித்தை ஒன்றும் பொய் இல்லை. தூசிக்கு அது நல்ல வேலை செய்யும். இங்கே கிடந்ததோ தூசி இல்லை, சாம்ராஜ்யம். காலையில் காலுறை யானைக்கால் போல வீங்கிக் கிடந்தது, குளம் மட்டும் அதே பச்சையில் சிரித்தது. நோலீனுக்கு அது கல்யாணங்களுக்குப் போட என்று வைத்திருந்த காலுறை.

"கடைக்குப் போ, ரஸ்" என்றாள் அவள்.

"போக மாட்டேன்."

"ஏன்?"

ஏன் என்று இருவருக்கும் தெரியும். ஊரில் குளத்துச் சாமான் விற்கும் கடை ஒன்றே ஒன்று, ரொட்டிக்கடைக்கு அடுத்தது. அங்கே கல்லாவில் இருப்பவள் ஷார்னி போர்த்விக். ரஸ்ஸல் அவளை நாலு தடவை ஃபெயில் பண்ணியிருக்கிறார். முதலில் நடைபாதை ஓரத்தில் இடித்ததற்கு. அடுத்து தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்காததற்கு. மூன்றாவது, இரண்டு கிலோமீட்டர் வேகம் கூடியதற்கு. நாலாவது, 'நில்' பலகையில் முழுசாக நிற்காமல் ஊர்ந்ததற்கு. ஐந்தாவதில் பாஸ். அதற்குள் அவள் வேலைக்குச் சைக்கிள் மிதித்தே ஒரு வருடம் ஓடிவிட்டது.

பதினாலாம் தேதி ரஸ்ஸல் ஒரு பழைய தக்காளி சாஸ் பாட்டிலில் தண்ணீர் மொண்டுகொண்டு போனார். கடையில் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு பாட்டிலில் தங்கள் வீட்டுக் குளத்துத் தண்ணீரை ஏந்தி, ஆஸ்பத்திரியில் சிறுநீர் கொடுக்க நிற்பவர்கள் போல வரிசையில் நின்றார்கள். ஏழெட்டுப் பேரில் ஐந்து பேர் அவர் ஃபெயில் பண்ணியவர்கள். அவருடைய பாட்டிலின் நிறத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

"வாங்க, மிஸ்டர் டக்கெட்" என்றாள் ஷார்னி.

"ரஸ்ஸல்னே கூப்பிடும்மா."

"ஐயோ, வேண்டாம். சோதனை நடக்குறப்ப பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க." பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இதுல சாஸ் இருந்துச்சா?"

"கழுவிட்டேன்."

"தண்ணிய எங்க மொண்டீங்க?"

"குளத்துலதான்."

"குளத்துல எங்க?"

"ஓரமா. மருந்து ஊத்தின பக்கம்."

"எவ்வளவு ஆழத்துல?"

ரஸ்ஸல் விரல் நுனியைக் காட்டினார். ஷார்னி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். "முழங்கை முங்குற ஆழத்துல எடுக்கணும். மருந்து ஊத்தின இடத்துல எடுக்கவே கூடாது. சுத்தமான பாட்டில் வேணும். மூணு தப்பு, மிஸ்டர் டக்கெட். நான் மெஷின்ல கூட வைக்கல." புதுப் பாட்டில் ஒன்றை நீட்டினாள். "ஏழு நாள் எல்லாம் வேணாம். நாளைக்கே வாங்க."

வரிசையில் யாரோ கை தட்டியதாக ரஸ்ஸல் கடைசி வரை சத்தியம் செய்வார்.

மறுநாள் முழங்கை நனைத்து மொண்ட தண்ணீர் மெஷினுக்குள் போனது. மெஷின் ஒரு நீளச் சீட்டைத் துப்பியது. சீட்டில் பாதிக்கு மேல் சிவப்பு. முப்பத்தொரு வருடம் சிவப்பில் எழுதிக் கொடுத்த கை, முதல் தடவையாகச் சிவப்பில் எழுதியதை வாங்கியது.

"காரம் ஏறிப்போச்சு" என்றாள் ஷார்னி. "காரம் ஏறின தண்ணியில குளோரின் தூங்கிடும். நீங்க நாலு டப்பா ஊத்துனாலும் நாப்பது டப்பா ஊத்துனாலும் தூங்கும். முதல்ல ஆசிட் ஊத்திக் காரத்த இறக்குங்க. அப்புறம் வெயில் தாழ்ந்த பிறகு குளோரின். பகல்ல போட்டா வெயிலே தின்னுடும். சுவர் பூராவும் பிரஷ் போட்டுத் தேய்ங்க. பாசி தோலு கிழிஞ்சாதான் மருந்து உள்ள ஏறும்."

ரஸ்ஸல் தன் பழைய தேர்வு அட்டையைக் கொண்டுபோயிருந்தார். அதில் கிளிப் மாட்டிய தாளில் எல்லாவற்றையும் எண் போட்டு எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும், "திரும்பச் சொல்லுங்க பார்ப்போம்" என்றாள் அவள். அதுவும் அவர் பழக்கம்தான். சொன்னார்.

இரண்டு நாள் தேய்த்தார். தோள்பட்டை கழன்றது. தவளைகள் இரண்டும் மூட்டையைக் கட்டிக்கொண்டு டாரில் வீட்டுப் பக்கம் போய்விட்டன. குளம் பச்சையிலிருந்து பழைய பாத்திரம் கழுவிய நிறத்துக்கு வந்தது. பதினேழாம் தேதி மூன்றாவது சோதனை. சீட்டில் இன்னும் இரண்டு சிவப்பு.

"பம்பு எவ்வளவு நேரம் ஓடுது?"

"எட்டு மணி நேரம். கையேட்டுல அப்படித்தான் போட்டிருக்கு."

"அது ஆரோக்கியமா இருக்குற குளத்துக்கு, மிஸ்டர் டக்கெட். உங்களுது ஜன்னி வந்து கிடக்கு. ராவும் பகலும் ஓடட்டும். ஃபில்டரையும் தினம் கழுவி விடுங்க."

வெளியே வரும்போது கறிக்கடைக்காரர் வாசலில் நின்றுகொண்டு, "எத்தனாவது தடவ, ரஸ்?" என்று கேட்டார்.

"மூணு."

"அட, நம்ம ஜாதி!" என்று தோளில் தட்டினார். அன்று அவர் கட்டிக் கொடுத்த கறியில் சவ்வு இல்லை. இருபது வருடத்தில் முதல் தடவை.

பத்தொன்பதாம் தேதி சீட்டு முழுக்கப் பச்சை எழுத்து. ரஸ்ஸலுக்குக் கண் கலங்கிவிட்டது. ஷார்னி சிரிக்கவில்லை.

"மருந்துக் கணக்கு எல்லாம் சரி. தண்ணி கலங்கல் போயிடுச்சா?"

"இல்ல. வெள்ளையா, புகை மாதிரி இருக்கு."

"செத்த பாசி அது. ஃபில்டர்ல சிக்காத பொடி. இந்தாங்க படிகாரம். இன்னைக்குச் சாயங்காலம் கலந்து விட்டுட்டு பம்ப நிறுத்திடுங்க. காலையில அம்புட்டும் அடியில படிஞ்சு கிடக்கும். அத உறிஞ்சி எடுக்கணும். மெதுவா, பிள்ளைத்தாச்சி நடக்குற மாதிரி. முக்கியமான விஷயம், வால்வ 'வெளியேற்று'ல வைங்க. 'ஃபில்டர்'ல வச்சா அவ்வளவும் ஃபில்டருக்குள்ள இருக்குற மணல்ல பூந்து மறுபடியும் குளத்துக்கே வந்துடும்."

"தண்ணி குறையுமே."

"ஒரு முழம் குறையும். ஹோஸ் போட்டு நிரப்பிக்கங்க." கல்லாவிலிருந்து இருபது சென்ட் காசு ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். ஒரு பக்கம் ராணி தலை, மறுபக்கம் பிளாட்டிபஸ், வாத்து மூக்கு வைத்த நீர்ப்பிராணி. "கடைசிச் சோதனை இதுதான். ஆழமான பக்கத்துல போடுங்க. கரையில நின்னு பூவா தலையான்னு சொல்லத் தெரியணும். தெரியாத வரைக்கும் ஒருத்தரையும் இறங்க விடாதீங்க."

"ஏன்?"

"அடியில ஒரு பிள்ளை கிடந்தா தெரியணும், மிஸ்டர் டக்கெட்."

ரஸ்ஸல் காசை மூடிப் பிடித்துக்கொண்டார். முப்பத்தொரு வருடம் தான் ஏன் அந்தப் பேனாவைப் பிடித்திருந்தோம் என்பதை யாரோ தனக்கே எடுத்துச் சொன்னது போல இருந்தது. "சரிம்மா" என்று மட்டும் சொன்னார்.

"அந்த நாலாவது ஃபெயில்" என்றாள் ஷார்னி, அடுத்த பாட்டிலை வாங்கிக்கொண்டே. "'நில்' பலகை. அது சரியான ஃபெயில்தான். மத்த மூணையும் நான் மன்னிக்கல."

இருபதாம் தேதி காலை குளத்தைப் பார்த்த நோலீனே வாயைப் பிளந்தாள். மேலே கண்ணாடி. அடியில் மெத்தை விரித்தது போல வெள்ளை வண்டல். உறிஞ்சி எடுத்துவிட்டால் தீர்ந்தது, மகள் நாளைக்குத்தான் வருகிறாள். ரஸ்ஸல் வால்வில் கை வைத்தார். அப்போதுதான் அவருக்குத் தேதி ஞாபகம் வந்தது.

மழை குறைந்த வருடம். ஒற்றைப்படை எண் வீட்டுக்காரர்கள் ஒற்றைப்படைத் தேதியில்தான் ஹோஸைத் திறக்கலாம், இரட்டைப்படைக்காரர்கள் இரட்டைப்படைத் தேதியில் என்று நகரசபை கட்டுப்பாடு போட்டிருந்தது. ஊரில் பாதிப் பேர் அதை வேலிக்கு வெளியே மதிப்பார்கள், உள்ளே மறந்துவிடுவார்கள். ரஸ்ஸல் வீடு பதினேழாம் நம்பர். தேதி இருபது. ஒரு முழம் தண்ணீரை வெளியேற்றினால் இன்றைக்கு நிரப்ப முடியாது. தண்ணீர் உறிஞ்சும் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் பம்பும் நாளை வரை சும்மா நிற்க வேண்டும்.

டாரிலின் தலை வேலிக்கு மேல் வந்தது. "என் வீட்டு நம்பர் எட்டு, ரஸ். இன்னைக்கு என் நாளு. ஹோஸ இந்தப் பக்கம் தூக்கிப் போடவா?"

"உன் நாளு உன் தோட்டத்துக்கு. என் குளத்துக்கு இல்ல."

"தண்ணிக்கு நம்பர் தெரியுமாய்யா?"

"எனக்குத் தெரியும்."

வால்வை 'ஃபில்டர்' பக்கம் திருப்பினார். மெதுவாக உறிஞ்சினால் மணல் பிடித்துக்கொள்ளும் என்று தனக்குத் தானே ஒரு சமாதானம். பிள்ளைத்தாச்சி நடையாகத்தான் உறிஞ்சினார், குறையே சொல்ல முடியாது. கால் மணி நேரத்தில் மறுபக்கக் குழாயிலிருந்து வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்தது. ஒரு மணி நேரத்தில் குளம் முழுவதும் பால். தன் கையால் தன் கண்ணைக் குத்திக்கொண்டார்.

நோலீன் தேநீரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். "முப்பத்தோரு வருஷம் ஊரையே கவுத்த. உன்ன ஒரு வால்வு கவுத்துடுச்சு பாரு." அப்புறம் அவர் முகத்தைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "அழாத. ரெண்டு ராத்திரியாவது இருப்பாள்ல."

மறுநாள் பத்து மணிக்குக் கெரின் வந்தாள். பிப்பா ஊரிலிருந்தே கவுனுக்கு அடியில் நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். தாத்தாவுக்கு ஒரு முத்தம், அது கன்னத்தில் விழுந்ததோ காற்றில் விழுந்ததோ, நேராகக் குளத்து வேலிக் கதவில் போய்த் தொங்கினாள்.

குளம் அப்படியொன்றும் அசிங்கமாக இல்லை. அதுதான் சோதனை. வெயிலில் வெளிர் நீலமாக, சோப்புத் தண்ணீர் போல, அழகாகக்கூட இருந்தது. கெரின் எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தானேப்பா இருக்கு. லேசா மங்கல், அவ்வளவுதான். இறங்கட்டும். நாங்க கிறிஸ்துமஸ் இங்கயே இருக்கோம், அவங்களுக்குப் போன் பண்ணிடுறேன்."

நாலு வருடமாக அவர் கேட்கக் காத்திருந்த வாக்கியம் அது. 'ஆமாம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லிக் கதவைத் திறந்துவிட்டால் போதும். ரஸ்ஸல் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து ஆழமான பக்கத்தில் வீசினார். இரண்டு சாண் இறங்குவதற்குள் அது பாலில் மறைந்தது.

"பூவா தலையா, கெரின்?"

"என்னது?"

"தெரியலல்ல? தெரியாத வரைக்கும் பிள்ளை இறங்கக் கூடாது." தொண்டையைச் செருமினார். "நான் உன்கிட்டப் பொய் சொன்னேம்மா. ஊசி தெரியும்னேன். அன்னைக்கு இதுல தவளை இருந்துச்சு. பம்ப நான்தான் அணைச்சேன். வால்வையும் நான்தான் மாத்தித் திருப்பினேன். ஷார்னி போர்த்விக் என்னை மூணு தடவ ஃபெயில் பண்ணிட்டா. நீ கோல்ட் கோஸ்ட்டுக்கே கூட்டிட்டுப் போ."

கெரின் அவரையே பார்த்தாள். "ஷார்னி? நீங்க நாலு தடவ ஃபெயில் பண்ணுன ஷார்னியா?"

"அவளேதான்."

முதலில் மூக்கு விரிந்தது. பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் கொட்டியது; அதில் எவ்வளவு சிரிப்பு எவ்வளவு அழுகை என்று பிரிக்க எந்தக் கடை மெஷினாலும் ஆகாது. உள்ளே போய்ச் சமையலறையில் கிடந்த தேர்வு அட்டையையும் சிவப்புப் பேனாவையும் எடுத்து வந்தாள். குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள், எழுதினாள், பேனாவை மூடினாள். எல்லாம் அப்பன் பண்ணுகிற மாதிரியே.

"ஏழு நாள் கழிச்சு வாங்க, மிஸ்டர் டக்கெட்."

அவருக்குப் புரியவில்லை. நோலீனுக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"தேர்வாளர் ஏழு நாள் இங்கதான் தங்குவாங்க" என்றாள் கெரின். "முழுசா ஏழு நாள். பதினோரு மணி இருபது நிமிஷம் குறைஞ்சாலும் ஒத்துக்க மாட்டேன்."

மறுபடி படிகாரம் போட்டார்கள். மறுபடி பம்பை நிறுத்தினார்கள். இருபத்திரண்டாம் தேதி காலை வண்டல் படிந்து கிடந்தது. தேதி இரட்டைப்படை. ரஸ்ஸல் வேலியருகே போய் நின்று, குளத்தைப் பார்த்து, வானத்தைப் பார்த்து, ஷூவைப் பார்த்து, கடைசியில் சொன்னார்: "டாரில், அந்த ஹோஸு..."

"எந்த ஹோஸு?"

"உசுர வாங்காதய்யா. தூக்கிப் போடு."

வால்வு 'வெளியேற்று' பக்கம் திரும்பியது. எட்டாம் நம்பர் தண்ணீர் பதினேழாம் நம்பர் குளத்தில் விழுந்தது. போலீஸ் வரவில்லை. கிறிஸ்துமஸ் அன்றும் குளத்தில் லேசான மங்கல் பாக்கி இருந்ததால் பிப்பா துணி துவைக்கும் தொட்டியில் உட்கார்ந்து ஊறினாள். மற்றவர்கள் தலையில் காகிதத் தொப்பியும் மடியில் இறால் தட்டுமாக அந்தத் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு காலை அதில் விட்டுக்கொண்டார்கள். ரஸ்ஸலின் கால் பெருவிரலைப் பிப்பா நண்டு என்று பிடித்து இழுத்தாள். அவ்வளவு நல்ல கிறிஸ்துமஸ் அந்த வீட்டில் வந்ததே இல்லை என்று நோலீன் சொன்னாள், அவள் இலேசில் அப்படிச் சொல்கிறவள் இல்லை.

இருபத்தெட்டாம் தேதி காலை சோதனை. வரவேற்பறையில் கெரினின் பெட்டி மூடி நின்றது. மத்தியானம் கோல்ட் கோஸ்ட் விமானம். குளத்தோரம் எல்லோரும் கூடினார்கள். வேலிக்கு மேல் டாரில். கெரின் கையில் தேர்வு அட்டை. இருபது சென்ட் காசைச் சுண்டி ஆழமான பக்கத்தில் போட்டாள். அது ஆடி ஆடி இறங்கி அடியில் படுத்தது.

தண்ணீர் என்றால் அதுதான் தண்ணீர். ஆறடி ஆழத்தில் காசு பளபளவென்று கிடந்தது. பிளாட்டிபஸ்ஸின் மூக்கு தெரிந்தது, வால் தெரிந்தது, அது நீந்தும் தண்ணீரின் வளையம்கூடத் தெரிந்தது. பிப்பா "தெரி..." என்று வாயைத் திறந்தாள். நோலீன் ஒரு பெரிய மாம்பழத் துண்டை அந்த வாய்க்குள் வைத்து அடைத்தாள்.

"பூவா தலையா, மிஸ்டர் டக்கெட்?"

ரஸ்ஸல் விளிம்பில் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மறுபடி குனிந்தார். வீட்டுக்குள் நிற்கிற பெட்டி அவர் முதுகுக்குப் பின்னால் தெரிந்த மாதிரி இருந்தது. ஒரு நிமிடத்தைக்கூடக் கூட்டி எழுதாத மனுஷர் நிமிர்ந்து, மகளின் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"ஒண்ணுமே தெரியலம்மா. ஒரே கலங்கலா இருக்கு."

கெரின் தண்ணீரைப் பார்த்தாள். பிளாட்டிபஸ்ஸைப் பார்த்தாள். அப்பாவை வெகு நேரம் பார்த்தாள். அட்டையில் என்னவோ எழுதினாள்.

"ஏழு நாள் கழிச்சு வாங்க" என்றாள். "ஜனவரி நாலு."

பிப்பா மாம்பழத்தை ஒருவழியாக விழுங்கிவிட்டு அழத் தயாரானாள். "அப்ப நான் இன்னைக்கும் நீந்தக் கூடாதா?"

"நீ போய்க் குதிடி" என்று கெரின் வேலிக் கதவைத் திறந்துவிட்டாள். "ஃபெயிலானது குளம் இல்ல. உங்க தாத்தா."

பிப்பா ஓடிப்போய்க் குதித்தாள். தெறித்த தண்ணீரில் ரஸ்ஸலின் கண்ணாடியும் சட்டையும் தேர்வு அட்டையும் நனைந்தன. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.